பெட்டிக்குள் ஒரு தொப்பி

ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பெருந்துறையிலிருந்து சென்னிமலைக்குப் போகிற சாலையோரம் ஓர் ஓட்டு வீடு. தைப் பொங்கல் வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அட்டாலியில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. உடைந்த உரி, அரிக்கன் விளக்கு, மூடி இல்லாத பித்தளைக் கூஜா, அப்புறம் ஒரு டிரங்குப் பெட்டி.

பெட்டியைத் திறந்து கிளறிய பேத்தியின் கையில் ஒரு பழைய காக்கித் தொப்பி தட்டுப்படுகிறது. எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள்.

"அமுச்சி, இது ஆரு தொப்பிங்க? போலீஸ்காரரு தொப்பி மாதிரி இருக்குதே!"

"அதைக் கழட்டி வையி அம்மிணி. அது மலாயாவில இருந்து வந்தது."

"அப்படீன்னா உங்க அப்பாருதுங்களா?"

அமுச்சி பதில் சொல்லுவதற்குள் மருமகன் உள்ளே வந்துவிடுகிறார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். யுத்த காலத்துச் சாமான்களுக்கு இப்போது நல்ல கிராக்கி என்று யாரோ சொல்லி அவர் கேட்டிருக்கிறார். கோயமுத்தூரில் விசாரித்தால் நல்ல விலை வரலாம் என்கிறார். அமுச்சி ஒன்றும் பேசவில்லை. தொப்பியை வாங்கி முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட பெட்டிகள் தமிழ்நாட்டிலும், மலேயாவிலும், சிங்கப்பூரிலும், ஏன், பெல்ஜியம் தேசத்திலும்கூட உண்டு. அந்தப் பெட்டிகளுக்குள்ளே இருக்கும் தொப்பிகளைப் பார்த்துச் சில வீடுகள் பெருமைப்படுகின்றன. சில வீடுகள் வெட்கப்படுகின்றன. ஒரு முழத் துணிக்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது? அமுச்சியின் பதிலைக் கடைசியில் கேட்போம். முதலில் தொப்பியின் கதை.

கவிழ்த்த காகிதக் கப்பல்

மழைக் காலத்தில் குழந்தைகள் காகிதக் கப்பல் செய்து வாசல் தண்ணீரில் விடுகிறார்கள் அல்லவா? அதைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அதுதான் இந்தத் தொப்பியின் வடிவம். தைப்பதற்குச் சுலபம். துணி அதிகம் வேண்டாம். தலையில் வைக்காத சமயத்தில் தட்டையாக மடித்து இடுப்பு வாரில் செருகிக்கொள்ளலாம். ஆகையினால்தான் உலகத்துப் பட்டாளங்கள் பலவும் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டன.

பட்டாளத்துக்கு நேர் எதிரான ஒருவரும் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டார். 1920-ஆம் ஆண்டையொட்டி காந்திஜி பரப்பிய வெள்ளைக் கதர்த் தொப்பியும் இதே காகிதக் கப்பல்தான். அந்தக் கதரையும் கொடியையும் நம்பித்தான், பெருந்துறைக்கு அருகே உள்ள சென்னிமலையில் பிறந்த குமாரசாமி என்ற இளைஞர், 1932 ஜனவரி 10-ந் தேதி திருப்பூர் வீதியில் ஊர்வலம் போனார். தடியடியில் மண்டை உடைந்தும் கொடியைக் கைவிடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. 'கொடி காத்த குமரன்' என்று நாம் இன்றும் கொண்டாடுகிறோம்.

பத்தே வருஷங்கள் கழித்து, 1942 ஆகஸ்டில், இதே கொங்கு நாட்டில் சூலூர் விமான தளத்தில் தீ வைத்தார்கள். காலம் அப்படி மாறிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பிக்குப் பக்கத்திலேயே காக்கித் தொப்பி ஒன்று பிறந்துகொண்டிருந்தது, கடலுக்கு அப்பால்.

எதிரியின் துணியில் தைத்த தொப்பி

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி, பிரிட்டிஷார் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். "இனி எங்கள் பாடு என்ன?" என்று திகைத்து நின்ற அந்தக் கூட்டத்திலிருந்துதான் கேப்டன் மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் உருவாயிற்று. ஜப்பானியரோடு தகராறு வந்து அந்த முதல் ராணுவம் அதே வருஷக் கடைசியில் கலைந்தது.

அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர் சுபாஷ் சந்திர போஸ். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, மடகாஸ்கர் தீவுக்கு அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலை 2-ந் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 5-ந் தேதி அணிவகுப்பைப் பார்வையிட்டார். அன்று முதல் காக்கிச் சீருடையும், முழங்கால் வரை பூட்ஸும், அந்தப் படகுத் தொப்பியுமே நேதாஜியின் உருவம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியில் ஒரு மூக்குக் கண்ணாடியையும் ஒரு காக்கித் தொப்பியையும் மாட்டிவிட்டால் போதும், பிள்ளை நேதாஜி ஆகிவிடுகிறான்!

இந்த ராணுவத்துக்குத் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். பெரும்பாலும் பிரிட்டிஷார் விட்டுவிட்டுப் போன கிடங்குகளிலிருந்துதான். துப்பாக்கியும் அவர்களுடையது, காக்கியும் அவர்களுடையது. மாறியது சின்னம் ஒன்றுதான். ராஜாவின் கிரீடம் இருந்த இடத்தில் இந்தியாவின் படம் வந்தது. 'ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்' என்ற பொருளுள்ள இந்துஸ்தானிச் சொற்கள் அந்த ராணுவத்தின் தாரக மந்திரமாயின. அதே துணி, அதே தையல். ஆனால் ஒரு விரலளவு பித்தளை மாறியதும் தொப்பியின் விசுவாசமே மாறிவிட்டது.

கூந்தலைக் கத்தரித்த கைகள்

இப்போது நம் வாசகிகள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் பட்டம் பெற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், 1940-ல் சிங்கப்பூர் போய் ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் செய்துவந்தார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று நேதாஜி பேசியதும், அவசரம் அவசரமாக இருபது பெண்களைத் திரட்டினார். சீருடை ஏது? சேலையோடுதான் நின்றார்கள். பிடித்தே பழக்கமில்லாத கனத்த துப்பாக்கிகளை ஏந்தி, 1943 ஜூலை 12-ந் தேதி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அதுவே ஜான்சி ராணிப் படையின் தொடக்கம். அக்டோபர் 22-ந் தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தார்கள். முந்திய நாள் அமைந்த ஆஸாத் ஹிந்த் சர்க்காரில் டாக்டர் லட்சுமி ஒரு மந்திரி. அந்த மந்திரி சபையில் ஒரே பெண்மணி.

முகாமுக்கு வந்தவர்கள் யார்? டாக்டர்களும் பட்டதாரிகளும் சிலர்தான். பெரும்பாலோர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தவர்கள். கங்காணி கூப்பிட்டால் குனிந்து நிற்பதே வாழ்க்கை என்று இருந்தவர்கள். அவர்களுக்குக் காக்கிச் சட்டையும், காற்சட்டையும், பூட்ஸும், தலையில் ஒரு தொப்பியும் கிடைத்தன.

தொப்பி என்றால் சும்மாவா? நீண்ட கூந்தலின் மேல் அந்தப் படகுத் தொப்பி நிற்காது. கொண்டை போட்டால் நழுவும். பின்னல் போட்டால் பயிற்சிக்கு இடைஞ்சல். ஆகவே பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். வாரம் ஒரு முறை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு, அம்மா வளர்த்துவிட்ட கூந்தல்! நம் ஊர்களில் ஒரு பெண்ணின் தலைமுடி எப்போது இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று, கோவிலில் வேண்டுதலுக்கு. மற்றொன்று, சொல்ல வேண்டாத ஒரு துக்கத்துக்கு. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவர் என்ற பெண், நேதாஜியின் கூட்டத்துக்குப் போனவர் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பிறகு படையிலும் சேர்ந்து, அதன் துணைத் தலைவி ஆனார். ஈப்போவில் பிறந்த ராசம்மா படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. அக்காள் பொன்னம்மாவும் கூடவே சேர்ந்தார். மகளை அனுப்பிவிட்டு வாசலில் நின்ற தாய்மார்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

அவர்கள் பர்மாவுக்குப் போனார்கள். மேமியோ ஆஸ்பத்திரியில் இம்பால் போர்முனையிலிருந்து வந்த காயக்காரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது குண்டு வீச்சுக்குப் பயந்து பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் பாங்காக் வரை போனார்கள். திரும்பி வரும் வழியில் ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் உயிரிழந்தார்கள்.

அதே தோட்டத்தில் இன்னொரு வீடு

இதுவரை கேட்டதும் உடம்பு சிலிர்க்கிறது அல்லவா? ஆனால் கதையின் மறுபக்கத்தை மறைத்தால் அது கதையே ஆகாது.

ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்த அதே 1943-ல், அதே ஜப்பானியர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளிகளைப் பிடித்துப் போனார்கள். நல்ல கூலி என்று சொல்லிச் சிலரை. சொல்லாமலே லாரியில் ஏற்றிப் பலரை. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியுமாகப் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. 'மரண ரயில்' என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது.

ஆகவே, தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் மகள் காக்கித் தொப்பி போட்டுக்கொண்டு "டில்லி சலோ!" என்கிறாள். பக்கத்து வீட்டில் புருஷன் ரயில் வேலைக்குப் போனவன் போனவன்தான். ரயிலுக்குப் பிடித்துப் போகாமல் தப்ப வேண்டும் என்பதற்காகவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அதையும் குற்றமாகச் சொல்லுவதற்கில்லை. நெருப்பு ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம் என்று நின்ற காலம் அது.

பெல்ஜியத்தில் ஒரு கறுப்புத் தொப்பி

இப்போது சற்றுத் தூரம் போய் வருவோம். பெல்ஜியம் சின்ன தேசம். வடக்கே ஃபிளெமிஷ் மக்கள். அவர்கள் பேசுவது டச்சு மொழி. தெற்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள். வெகு காலம் கோர்ட்டு, கல்லூரி, பட்டாளம் எல்லாவற்றிலும் பிரெஞ்சுக்கே முதல் மரியாதை. ஃபிளெமிஷ் பகுதியின் நடுவே இருக்கும் கெண்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில்கூட, 1930-ல்தான் அந்த மக்களின் மொழி பாட மொழி ஆயிற்று. தாய்மொழிக்காக அவர்கள் பட்ட மனக்கசப்பு தமிழர்களுக்கு விளங்காததல்ல.

அந்த நியாயமான கசப்பிலிருந்து ஒரு கோணலான கிளை முளைத்தது. 1933-ல் ஸ்டாஃப் டி கிளெர்க் என்பவர் 'ஃபிளெமிஷ் தேசிய ஐக்கியம்' என்ற கட்சியை ஆரம்பித்தார். 1940 மே மாதம் ஹிட்லரின் படைகள் பெல்ஜியத்தைப் பிடித்ததும், அந்தக் கட்சி பிடித்தவனோடு சேர்ந்துகொண்டது. பதவிகளை வாங்கிக்கொண்டது. வாலிபர்களைத் திரட்டி ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பியது. அதன் தொண்டர் படை கறுப்பு உடையும் தொப்பியும் அணிந்து தெருவில் நடந்தது. வட்டத்துக்குள் முக்கோணம் கட்சியின் சின்னம்.

அந்தக் காலத்திலேதான் ஃபிளெமிஷ் பகுதியில் உள்ள மெக்கலன் நகரத்துப் பாசறையிலிருந்து 25,000-க்கும் அதிகமான யூதர்களை ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். குழந்தைகளும் பாட்டிமார்களும் அதில் அடக்கம்.

யுத்தம் முடிந்தது. பெல்ஜியம் தன் துரோகிகளைக் கணக்குப் பார்த்தது. 242 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். ஜெர்மானியரோடு பழகிய பெண்களைத் தெருவில் இழுத்து வந்து ஜனங்கள் மொட்டையடித்தார்கள். சிங்கப்பூரில் ஒரு பெண் தானே கத்தரியை எடுத்துக் கூந்தலை வெட்டிக்கொண்டாள். ஐரோப்பாவில் ஒரு பெண்ணின் கூந்தலை ஊர் சேர்ந்து வெட்டியது. இரண்டும் அதே யுத்தத்தில் நடந்தவைதான்.

அந்தக் கறுப்புத் தொப்பிகள் பல அடுப்பில் எரிந்தன. எரியாமல் தப்பியவை பரண்களில் ஒளிந்தன. பேரன் கேட்டால் பாட்டி பேச்சை மாற்றுவாள். இப்போது அவற்றைத் தேடி விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடற்கரையில் நம்மவர்கள்

அந்தப் பெல்ஜியத்துக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களையும், ஜெர்மனியில் இருந்த இந்திய மாணவர்களையும் கொண்டு நேதாஜி அங்கே ஒரு படை அமைத்தார். சுமார் 3,000 பேர். ஜெர்மன் ராணுவச் சீருடை. தோளுக்குக் கீழே மூவர்ணக் கேடயத்தில் பாயும் புலி. சீக்கியர்கள் தலைப்பாகையோடு இருந்தார்கள். 1943-ல் அந்தப் படையினர் சில காலம் பெல்ஜியத்தில் இருந்தார்கள். பிறகு அதன் பிரிவுகள் ஹாலந்துக் கடற்கரையில் காவல் இருந்தன.

நேதாஜி கிழக்கே போனபின் அவர்கள் தாயில்லாப் பிள்ளைகள் போல் ஆனார்கள். 1944 ஆகஸ்டில் அந்தப் படையை ஹிட்லரின் எஸ்.எஸ். பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். பிரான்ஸிலிருந்து பின்வாங்கியபோது ஊர்மக்களைத் துன்புறுத்தினார்கள் என்ற பழியும் சிலர்மேல் விழுந்தது. இந்தியாவின் விடுதலைக்கென்று உடுத்திய உடுப்பு, இந்தியாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிராமத்துக் குடியானவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்!

அப்படியானால் எது நியாயம்?

"இரண்டு பேரும் எதிரியோடு சேர்ந்தவர்கள்தானே? ஒருவர் தொப்பிக்கு மாலை, இன்னொருவர் தொப்பிக்கு வசையா?" என்று ஒரு கெட்டிக்கார வாசகி கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பெல்ஜியத்துக் கட்சி, தன் வீட்டுக்குள் புகுந்த கொள்ளைக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் காட்டிக் கொடுத்த பெரிய வீட்டுப் பிள்ளையைப் போன்றது. அது கேட்ட மொழி உரிமை நியாயம். அதற்காகப் போய்ச் சேர்ந்த இடம் அநியாயம். நம் தேசிய ராணுவமோ, ஏற்கெனவே வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவனை விரட்ட, தெருவில் போன இன்னொரு முரடனின் தடியை இரவல் வாங்கியது. அவர்கள் குறி டில்லிக் கோட்டையாக இருந்தது. ஆனாலும் இரவல் தடிக்கு வாடகை உண்டு. அந்த வாடகையில் ஒரு பங்கை ரயில் பாதையில் மாண்ட ஏழைத் தமிழன் கொடுத்தான். தியாகத்தைப் போற்றும்போது அவனையும் நினைத்துக்கொண்டால்தான் போற்றுவதற்கு அர்த்தம் உண்டு.

தேசம் தீர்ப்புச் சொன்ன விதமும் தெரிந்ததே. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மேலும் ராஜத் துரோக வழக்கு நடந்தது. பூலாபாய் தேசாய் வாதாடினார்; நேருஜி வெகு காலத்துக்குப் பிறகு வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டு கோர்ட்டில் உட்கார்ந்தார். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் ஒரே கூண்டில் நின்றதைப் பார்த்து ஊர் ஊராகக் கொந்தளித்தது. ஆயுள் தண்டனை விதித்தும், 1946 ஜனவரி தொடக்கத்திலேயே அவர்களை விட்டுவிட வேண்டியதாயிற்று.

ஆனால் சுதந்திர இந்தியாவின் பட்டாளத்தில் தேசிய ராணுவத்தினரை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாலை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. தியாகிகளுக்கான மத்திய சர்க்கார் ஓய்வூதியம் 1972-ல்தான் வந்தது.

பெண்களோ தாங்களே வேலையைத் தேடிக்கொண்டார்கள். கேப்டன் லட்சுமி பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறி, 2012-ல் தமது 97-வது வயதில் மறையும் காலம் வரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஜானகி மலேசியாவில் செனட்டர் ஆனார். 2000-ல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ராசம்மா ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று 1960-ல் சங்கம் அமைத்துப் போராடினார். தொப்பியைக் கழற்றிய பிறகும் தலை குனியவில்லை!

ஒரு தொப்பிக்காக ஒரு பரபரப்பு

நேதாஜியின் தொப்பி என்ன ஆயிற்று? 2019 ஜனவரி 23-ந் தேதி, வழக்கு நடந்த அதே செங்கோட்டையில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். போஸ் குடும்பத்தைச் சேர்ந்த சந்திர குமார் போஸ், அவர் அணிந்த தொப்பியைப் பிரதமரிடம் ஒப்படைத்தார். இரண்டு வருஷம் கழித்து, 2021-ல், "தொப்பியைக் காணோமே!" என்று குரல் எழுந்தது. ஒரே பரபரப்பு. நேதாஜியின் 125-வது பிறந்த நாள் கண்காட்சிக்காகக் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு இரவலாகப் போயிருக்கிறது என்று சர்க்கார் விளக்கம் சொன்ன பிறகே அடங்கியது. தங்கம் தொலைந்தால் போலீஸுக்குப் போகிறோம். ஒரு காக்கித் துணி தொலைந்ததோ என்ற சந்தேகத்துக்கே நாடு பதறியது.

பதறுவதற்குக் காரணம் உண்டு. யுத்த காலத்துச் சாமான்களில் போலிகள் மலிந்துவிட்டன. ஆஸாத் ஹிந்த் பதக்கங்களை யுத்த காலத்தில் வியன்னா நகரத்துப் பட்டறை ஒன்று செய்தது. யுத்தம் முடிந்த பிறகும் அதே மாதிரியில் அடித்த பதக்கங்கள் சந்தைக்கு வந்தன. தொப்பி விஷயம் இன்னும் சுலபம். எந்தத் தையற்காரரும் அரை நாளில் தைத்துவிடுவார். தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்து வெயிலில் காய வைத்தால் எண்பது வயது ஏறிவிடும்! கெட்டிக்காரர்கள் புறஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்ப்பார்கள். யுத்தத்துக்குப் பிறகு வழக்கத்துக்கு வந்த வெளுப்பு ரசாயனமும் செயற்கை நூலும் அந்த ஒளியில் பளிச்சென்று மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் விளக்கை விடப் பெரிய அத்தாட்சி ஒன்று உண்டு. 'இது இன்னாருடையது, இந்த இடத்திலிருந்து, இந்த வருஷம் வந்தது' என்ற சொல். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வைக்காவிட்டால், நிஜத் தொப்பியும் ஒரு நாள் பழந்துணிதான்.

வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஏதாவது இருந்தால், முதல் காரியம், துவைத்துவிடாதீர்கள்! நம் பெண்களுக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. வியர்வைக் கறையும் ஒரு சரித்திரம்தான். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். பித்தளைச் சின்னத்தைப் புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். அந்தக் கறுப்பே அதன் வயது.

கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காடாத் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் துணி இற்றுப் போகும். ஆகையால் உள்ளே அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தைச் சுருட்டி வைத்து வடிவம் கெடாமல் பாருங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூசணம் பூக்கும். உலர்ந்த வேப்பிலையையும் வசம்பையும் தனிச் சிறு பையில் கட்டிப் பெட்டி ஓரத்தில் வையுங்கள்; பூச்சி அண்டாது. பாச்சை உருண்டை துணியில் படக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நிழலில் எடுத்துப் பார்த்தால் போதும்.

விற்பதா, காட்சிசாலைக்குக் கொடுப்பதா, வீட்டிலேயே வைப்பதா என்பது அவரவர் சௌகரியம். பணக் கஷ்டத்தில் விற்றால் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் கதையை எழுதி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கொடுங்கள். தொப்பி போனாலும் கதை வீட்டில் இருக்கட்டும்.

அமுச்சியின் பதில்

சரி, நம் ஓட்டு வீட்டுக்குத் திரும்புவோம். மருமகன் பேசி முடித்துவிட்டார். பேத்தி விடவில்லை.

"சொல்லுங்க அமுச்சி. உங்க அப்பாரு பட்டாளத்துல இருந்தாருங்களா?"

"எங்கப்பன் ரயில் ரோட்டு வேலைக்குப் போனவரு கண்ணு. உசுரோட திரும்பி வந்ததே சென்னிமலை ஆண்டவன் புண்ணியம். அந்தக் காய்ச்சல் அவரைச் சாகிற மட்டும் விடலை. இது அவருது இல்லை."

"அப்ப ஆருதுங்க?"

அமுச்சி தொப்பியை ஒரு தரம் தடவிக் கொடுத்தாள்.

"எங்கம்மாளுது. கண்ணாலத்துக்கு முந்தி போட்டிருந்ததாமா. ரஜூலாக் கப்பல்ல வர்றப்போ அடி மடியில வெச்சுக் கொண்டாந்துச்சாமா. நாம் பொறந்ததுக்கப்புறம் ஒரு நாள்கூட வெளிய எடுத்ததில்லை. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னு."

பேத்தி வாயடைத்து நின்றாள். மருமகனும் பேசவில்லை. அவ்வளவு நேரமும் அந்தத் தொப்பி ஓர் ஆணுடையது என்று நினைத்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தானா? நீங்களும்தானே!

கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தி பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து அமுச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா பேரு சொல்லுங்க அமுச்சி, எழுதிக்கறேன்."